வலது கைக்குச் செய்த பிடி

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த மனிதருக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாததால் அவரே தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். காய் நறுக்கும் கத்திகளுக்கு மரத்தில் கைப்பிடி செய்வது.

அதற்கு முன்னால் மீன் வளர்த்தார். மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. பிறகு புல்லாங்குழல் ஊதினார். அடுத்த வீட்டுக்காரர் வந்து கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால் அது நின்றது. அப்புறம்தான் ஒருநாள் கைபேசியில் எவனோ ஒருவன் கட்டைத் துண்டு ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து மினுக்குவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "இதுல ஒரு தியானம் இருக்கு" என்றார். அவர் மனைவி அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதில் தியானம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

தெருவில் அவளுக்குச் சாப்பாட்டக்கா என்று பெயர். வீட்டின் பின் அறையில் சமைத்து, ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கும் ஒரு அச்சகத்துக்கும் மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். அவர் உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே தொடங்கிய தொழில். பின் அறை என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரை, இரண்டு பெரிய அடுப்பு, ஒரு குழாய், சந்துப் பக்கம் திறக்கும் ஜன்னல், அதன் கீழே நீளமான மேஜை. சுவரோரம் கேரியர்கள் அடுக்கி இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் நுழைந்துவிட்டால் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குக் கூடமாட வேலை செய்ய ஒருத்தி வருவாள். வாய் ஓயாது, நிறுத்த பட்டனும் கிடையாது. அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

அவருக்கும் சீக்கிரமே ஒரு பெயர் வந்துவிட்டது. பிடி சார்.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, தேய்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வைத்தார். கட்டைகள் வந்தன. தேக்கு, கருங்காலி, எவர் வீட்டிலோ வெட்டிப்போட்ட கொய்யாக் கிளை. கத்தியின் பழைய பிடியை உடைத்துக் கழற்றுவார். உள்ளே மறைந்திருக்கும் இரும்புக்கு வால் என்று பெயராம், அதை இரண்டு பக்கமும் மரம் வைத்து மூடி, பசை போட்டு, பித்தளைக் கம்பி அடித்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, அதற்கப்புறம் படம் எடுப்பார். படம் எடுப்பதுதான் முக்கியம். அவரைப் போலவே வேலையற்றவர்கள் சேர்ந்து கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் படத்தைப் போட்டால், "அற்புதம் சார்", "என்ன ஒரு வழவழப்பு சார்" என்று வந்து விழும். அவர்களில் ஒருவராவது ஒரு கத்தரிக்காயை நறுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்.

தெருவில் ஆளாளுக்கு முதலில் மரியாதைக்காகக் கத்தியைக் கொடுத்தார்கள். திரும்பி வந்த கத்தி கனத்தது. ஒன்று கையில் வழுக்கியது. தையல்காரர் வீட்டுக் கத்தி ஒரே மாதத்தில் பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. அதற்கப்புறம் பிடி சார் தெருமுனையில் தலைகாட்டினாலே வீட்டுக்கு வீடு கத்தியை எடுத்து ஒளித்து வைத்தார்கள். "எங்க வீட்ல கத்தியே இல்லீங்க" என்று ஒரு அம்மாள் முறத்தில் அரைகுறையாய் நறுக்கிய பீன்ஸை வைத்துக்கொண்டே சொன்னாளாம். ரேடியோ இதை நடித்துக் காட்டியபோது சாப்பாட்டக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டதும் சிரிப்பு நின்றது. தகரக் கொட்டகை ஒழுகியது. அவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின் அறைக்கு இறங்கி வந்துவிட்டார். மேஜையின் ஒரு பாதியிலிருந்து காய்களைத் தள்ளிவிட்டு அதை வைத்தார்.

"மழை விடற வரைக்கும்தான்" என்றார்.

"சமைக்கற இடங்க இது."

"நீ அந்தப் பக்கம் சமை. நான் இந்தப் பக்கம் தேய்க்கறேன். யாரு யாருக்கு இடைஞ்சல்?"

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, சோத்துல ஏதோ தூள் தூளா இருக்கே. மிளகுத்தூள்னு நெனச்சு வாயில போட்டா மரம் மாதிரி இருக்கு. நோயாளிக்கு நாங்க சொல்ற பத்தியத்த எங்களுக்கே வெச்சுட்டீங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் போனை வைக்கும்போது, "இன்னொரு தரம் இப்படின்னா வேற எடம் பாத்துக்குவோம்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

சாப்பாட்டக்கா மிஷினின் வயரைப் பிடுங்கினாள். அவர் திரும்பச் செருகினார். அவள் திரும்பப் பிடுங்கினாள். ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இந்த வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் அவர்.

 இத்தனை வருஷத்தில் அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மனுஷன் சொல்லமாட்டார் என்றுதான் நம்பியிருந்தாள்.

"உங்க அண்ணனை வரச்சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழமை பேசி முடிச்சுடலாம். பின்னாடி ரூம் எனக்கு வேணும். நீ முன்னாடி கிச்சன்ல பண்ணிக்கோ. முடியலேன்னா விட்டுடு. யாரு உன்னைச் சம்பாதிக்கச் சொன்னா?"

முன் சமையலறையில் ஒரு ஆள் திரும்பி நின்றாலே இடுப்பு அடுப்பில் இடிக்கும். அங்கே நாலு பேருக்குச் சமைக்கலாம். ஆஸ்பத்திரிக்குச் சமைக்க முடியாது. பின் அறை போனால் தொழில் போச்சு என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்படிப் பேசியவர் அன்று சாயங்காலமே குழைந்துகொண்டு வந்தார். கையில் களிமண் உருண்டை ஒன்று. பின் அறையில் அவள் கத்தியைக் காணோம். அவள் தினமும் புழங்குகிற கத்தி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைச் சரிக்கட்ட அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

"என் கத்தி எங்க?"

"மாடியில. பிடியைக் கழட்டிட்டேன். ரப்பரைச் சுத்தி, சே, பாக்கவே அசிங்கம். ஆனா நல்ல இரும்பு. உனக்குன்னே ஒண்ணு பண்றேன் பாரு. உன் கை அளவுக்கு, விரல் விரலாப் பள்ளம் வெச்சு. அண்ணன் முன்னாடி தர்றேன்."

"என் கத்திய எனக்கே தரப்போறீங்களா?"

"கையைக் குடு."

கொடுப்பதற்குள் அவரே அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் களிமண்ணை வைத்தார். "இறுக்கிப் பிடி. கத்தி பிடிக்கற மாதிரி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். விளையாடவில்லை.

"இந்தக் கையா?" என்றாள்.

"பின்ன, காலா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவள் களிமண்ணை இறுக்கிப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறினார்.

அவள் எழுதுவது வலது கையால். சாப்பிடுவதும் வலது கையால். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விரல் முட்டியில் அடித்தும், வீட்டில் அம்மா புறங்கையில் அடித்தும் மாற்றிய பழக்கங்கள் அவை. கத்தியை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. இடது கையால்தான் நறுக்குவாள். கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து இந்த மனிதரின் கண்ணெதிரேதான் நறுக்குகிறாள். அவர் அவளிடம் வாதாடிக்கொண்டே, செய்தித்தாள் படித்துக்காட்டிக்கொண்டே, காபி கேட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்த எத்தனையோ ஆயிரம் காலைகளில் கத்தி இருந்தது இடது கையில்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினாள். அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வீம்பு. அதோடு, எவ்வளவு தூரம்தான் போவார் பார்ப்போம் என்று ஒரு குரூரமான ஆசையும் இருந்தது.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடட்டா?" என்றாள் ரேடியோ. அவளுக்கு வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. "பாவம்க்கா, மிஷின் இல்லாம ஒழுகற மாடியில குந்திக்கிட்டு அரத்தால ராவு ராவுன்னு ராவறாரு."

"சொன்னே, நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"அப்ப அவரா எப்பக்கா கண்டுபிடிக்கறது?"

"கண்ணு இருக்குல்ல?"

"கண்ணு இருக்கு. வீட்டு ஆம்பளைங்க கண்ணு வீட்டுக்குள்ள எங்கக்கா வேலை செய்யுது? எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, நான் மூக்குத்தியக் கழட்டி வெச்சு எத்தன மாசமாச்சு, இன்னும் கேக்கல. கடன்காரன் செருப்ப மாத்தினா மட்டும் தெருக்கோடியிலயே தெரியுது."

சாப்பாட்டக்கா கையில் இப்போது இருந்தது கடையில் வாங்கிய மட்டக் கத்தி. தக்காளியை நசுக்கியது. நறுக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. தோள்பட்டை வலித்தது. இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அவருக்கு வாய்ப்பு மேல் வாய்ப்பாகக் கொடுத்தாள். அவர் தண்ணீர் குடிக்க வரும்போது பூசணியை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டினாள். அவர் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். கடைசியில் வெட்கத்தை விட்டு, பலகையையும் பீன்ஸையும் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு வந்து, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினாள்.

அவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அவள் கையைத்தான் பார்த்தார். அவள் வேண்டுமென்றே கத்தியைக் கொஞ்சம் உயர்த்தி நறுக்கினாள்.

"நீ நறுக்கறப்போ மணிக்கட்டை ரொம்ப வளைக்கற" என்றார். "அது தப்பு. எங்க குழுவுல ஒருத்தர் இதைப் பத்தி விவரமா எழுதியிருக்கார். நரம்புல போய் உக்காந்துக்கும். புதுப் பிடி வரட்டும், தானா சரியாயிடும்."

சொல்லிவிட்டு மறுபடி கைபேசிக்குள் போய்விட்டார்.

அவளுக்கு அதுவரை இளக்காரமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் வலித்தது. பார்க்காமல் இருந்தவரை இவருக்கு நேரமில்லை, நினைப்பில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. பார்த்தும் தெரியவில்லை என்றால் என்ன சொல்லிக்கொள்வது? பீன்ஸை அள்ளிக்கொண்டு பின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு நறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஆள் கனம், நியாயம் லேசு. வந்ததும் மழையைத் திட்டினார், கால் வலியைத் திட்டினார், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். தங்கை செய்த குழம்பை மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, முட்டையை முழுசாக வாயில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ரேடியோ பாத்திரம் கழுவும் சாக்கில் கதவோரம் நின்றுகொண்டாள். குழாயைத் திறக்கவே இல்லை.

"மாப்ள போன்ல எல்லாம் சொன்னாரு" என்று தொடங்கினார் அண்ணன். "ஏம்மா, வயசான காலத்துல ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அடிச்சுக்கறீங்க? ஒரு ரூம்தானே?"

"அது ரூம் இல்லண்ணே. என் பொழப்பு."

"பொழப்பு பொழப்புங்கற. அவரும் பாவம், வேலைய விட்டு வந்து கை சும்மா இருக்க முடியாமத் தவிக்கறாரு. ஆம்பளைக்கு வீட்ல ஒரு எடம் வேணாமா?"

"மாடி இருக்கு."

"மாடி ஒழுகுதாமே."

"தகரத்த மாத்தினா ஒழுகாது."

"இதாம்மா உன்கிட்ட. எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்ப. கொஞ்சம் விட்டுக்குடேன். நீ முன்னாடி கிச்சன்ல பண்ணிக்கக் கூடாதா? கொஞ்சமாப் பண்ணு. இவ்ளோ ருசியா நீ ஊருக்குச் சமைச்சுக் கொட்டணுமா?" என்று சொல்லி ஏப்பம் விட்டார்.

இவர் தோளில் போய் ஒரு காலத்தில் சாய்ந்து அழுதோமே என்று இருந்தது அவளுக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு 'மச்சானு'க்கும் விழுந்துவிடுகிற நியாயஸ்தர். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அறை கைமாறிவிட்டது என்று அவர்கள் மட்டில் முடிவாகிவிட்டது.

"இருங்க மச்சான், இன்னொண்ணு இருக்கு" என்று பிடி சார் எழுந்து போனார். கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிய பொருளைக் கொண்டுவந்து, துணியை மெதுவாகப் பிரித்தார். "இவளுக்குன்னே பண்ணினது. நான் ஒண்ணும் இவளை நெனக்காம இல்ல."

அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கருங்காலி, நடுவில் மூன்று பித்தளைப் புள்ளி, விரல்கள் போய் உட்கார நாலு பள்ளம், கட்டைவிரலுக்கு இடப்பக்கம் தனியாக ஒரு குழி. எண்ணெய் ஏறிக் கண்ணாடியாய் மினுங்கியது. மனுஷன் நிஜமாகவே உழைத்திருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எடுத்து நறுக்கிக் காட்டு" என்றார் அவர். "மச்சான் பாக்கட்டும்."

யாரும் சொல்லாமலே ரேடியோ ஓடிப்போய்ப் பலகையையும் ஒரு உருளைக்கிழங்கையும் கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பாட்டக்கா கத்தியை இடது கையில் எடுத்தாள். எடுத்து, யாரையும் பார்க்காமல் கிழங்கின் மேல் வைத்து அழுத்தினாள். கட்டைவிரல் மேட்டில் ஏறியது, விரல்களுக்குப் பள்ளம் கிடைக்கவில்லை. அலகு கோணிக்கொண்டு வழுக்க, கிழங்கு உருண்டு போய் அண்ணன் காலடியில் நின்றது.

அண்ணன் கிழங்கைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"ஏன் மாப்ள, பிடிய மாத்தி வெச்சுட்டீங்களே! நொட்டாங்கைக்காரின்னு தெரிஞ்சும் இப்படியா?"

"யாரு?" என்றார் அவர்.

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரா?"

"யாரு நொட்டாங்கை?"

"உங்க பொண்டாட்டி மாப்ள."

அவர் மனைவியைப் பார்த்தார். கத்தி இன்னும் அவள் இடது கையில்தான் இருந்தது. "எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

ரேடியோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டாள்.

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் அவள்.

"நீ ஏன் சொல்லல? அன்னிக்குக் கையைப் பிடிச்சு அளவெடுத்தேனே, அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எத்தன நாள் வேலை தெரியுமா இது?"

"தினமும் உங்க எதிர்லதான நறுக்கறேன். அன்னிக்கு மணிக்கட்டை வளைக்கறேன்னு சொன்னீங்களே, அது எந்த மணிக்கட்டு?"

அவர் யோசித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார். ஞாபகம் வரவில்லை. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "சரி விடு. வலது கையில பழகிக்கோயேன். ரெண்டு நாள்ல வந்துடும்."

அண்ணனுக்கே இது தாங்கவில்லை. "மாப்ள, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார்.

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள். குரல் உயரவில்லை. இத்தனை நாள் உள்ளே வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறிப்போயிருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

"அந்த ரூம்ல நான் எந்தக் கையால வேலை செய்யறேன்னுகூட உங்களுக்குத் தெரியல. அந்த ரூம்ல உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். "வீடு உங்க பேர்லயே இருக்கட்டும். மிஷின் மாடிக்குப் போகணும். இன்னிக்கே போகணும். இல்லேன்னா நான் அடுப்பத் தூக்கிக்கிட்டு வேற எடம் பாத்துப் போறேன். அப்பறம் உங்களுக்கு யாரு சமைக்கறாங்கன்னு உங்க குழுவுல கேட்டுப் பாருங்க."

அவர் உதவிக்கு மச்சானைப் பார்த்தார். மச்சான் ஏற்கெனவே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் பிடிங்க மாப்ள. கனமா இருக்கும்போல."

இரண்டு பேரும் மூச்சு வாங்க மிஷினை மாடிக்கு ஏற்றினார்கள். திரும்பி வந்தபோது அவள் வாசல்படியில் கத்தியோடு நின்றிருந்தாள்.

"இது எனக்கு ஆகாது" என்று அவர் கையில் கொடுத்தாள். "உங்க கைக்குச் சரியா இருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெங்காயம் நீங்க நறுக்குங்க. என் கத்தி இல்லாம ஒரு வாரமா மட்டக் கத்தியில நறுக்கித் தோள் போச்சு. அந்த வேலைய யாராவது செய்யணும்ல?"

மச்சான் எதிரில் முடியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. "என்ன பெரிய விஷயம்" என்றார்.

மறுநாள் காலை பின் அறையில் மேஜையின் ஒரு முனையில் அவர், மறு முனையில் அவள். நடுவில் வெங்காயக் கூடை. ரேடியோ அரிசி களைந்துகொண்டே, "சார், தோலையும் சேத்து நறுக்காதீங்க", "சார், நர்ஸுங்களுக்குப் பல்லு இருக்குன்னாலும் இவ்ளோ பெருசா வேணாம்" என்று ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். வெங்காயச் சாறு பட்டதும் அவர் அத்தனை நாள் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு வழவழவென்று வழுக்கத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தால் பள்ளத்தின் விளிம்புகள் விரலில் அறுத்தன. கூடையில் கால்வாசி குறைவதற்குள் கட்டைவிரல் அடியில் கொப்புளம் எழும்பிவிட்டது. கண்ணும் மூக்கும் ஒழுகின. புறங்கையால் துடைத்துக்கொண்டார், இன்னும் எரிந்தது.

கத்தியை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேஜையின் மறுமுனையைப் பார்த்தார்.

அவள் மட்டக் கத்தியால்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை விரல்கள் மடங்கிக் காயைத் தள்ளிக்கொடுக்க, இடது கை சத்தமே இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து ஒரு வழியாக அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"நெஜமாவே இடது கைதான்" என்றார் மெதுவாக.

போன வாரம் இதைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. ஒருவேளை அழுதிருப்பாள். மாடிக் கொட்டகைக்குப் புதுத் தகரத்தைக்கூட அவளே வாங்கிக் கொடுத்திருப்பாள். இப்போது அந்தப் பார்வை முகத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"என்னப் பாக்காதீங்க" என்றாள். "வெங்காயத்தப் பாருங்க. விரல் போயிடும்."

சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று நறுக்கத் தொடங்கினாள்.